மதுரைப் பேச்சில் மரியாதை: ‘வந்தாய்ங்க’ தப்பா?

கேள்வி: கல்லாப்பெட்டி
மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் வேலைக்கு வர்றாங்க. வாடிக்கையாளர்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒரு பக்கம் எழுதித் தரணும். ‘தயவுசெய்து’, ‘நன்றி’ எல்லாம் போட்டா நாடக வசனம் மாதிரி இருக்கு, ஏன்? அப்புறம், ‘வந்தாய்ங்க’ மரியாதைக் குறைவா, இல்ல வட்டார வழக்கு மட்டும்தானா?

பதில்: சொல்லேர்
முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். தமிழில் மரியாதையை வினையின் வாலே சுமக்கிறது. ‘சீட்டக் காட்டுங்க’ என்றால் அந்த ‘ங்க’ போதும். ‘தயவுசெய்து வரிசையில் வரவும்’ என்பது அறிவிப்புப் பலகைத் தமிழ்.

இன்னும் தணிக்கணுமா? ‘கொஞ்சம் காட்டுங்க’. அதற்கும் மேலே ஏவலையே விட்டுவிடலாம்: ‘சீட்டு இருக்காண்ணே?’ கேட்டவர் தானாக எடுத்து நீட்டுவார். ‘காட்ட முடியுமா?’ மட்டும் வேண்டாம். ‘முடியும்’ இங்கே திராணியைப் பற்றிய சொல், ‘ஏன், முடியாதா?’ என்று திரும்பி வரும்.

‘ஏன்’ விகுதியில் கவனம். ‘உக்காருங்களேன்’ இதம், ஏனென்றால் பலன் கேட்பவருக்கு. ‘சில்லறை குடுங்களேன்’ என்றால் பலன் நமக்கு, அதனால் அதே விகுதி நச்சரிப்பாகிவிடும்.

நன்றிக்குப் பதில் ‘சரிண்ணே’ போதும். பொதுவாக ‘போங்க’ என்றால் விரட்டல், ‘போயிட்டு வாங்க’தான் முறை. ஆனால் மருந்துக்கடையில் ‘மறுபடி வாங்க’ என்றால் முகம் சுளிப்பார்கள், நோய் திரும்பட்டும் என்றா சொல்வது! ‘பாத்துப் போங்கண்ணே’ என்று முடிக்கச் சொல்லுங்கள்.

பதில்: யானைமலை
‘வந்தாய்ங்க’ பற்றி. பொதுப் பேச்சுத்தமிழில் ‘வந்தாங்க’ ரெண்டு வேலை பார்க்குது: பலர் வந்ததுக்கும் அதுதான், மரியாதைக்குரிய ஒருத்தர் வந்ததுக்கும் அதுதான். மதுரைப் பேச்சு ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கு. ‘பசங்க வந்தாய்ங்க’ பன்மை மட்டும், மரியாதை கிடையாது. ‘டாக்டர் வந்தாங்க’, இன்னும் தெற்கே போனா ‘வந்தாக’, இது மரியாதை. பெண்கள் கூட்டம்னா ‘வந்தாளுக’, அதிலும் மரியாதை இல்லை. அதனால் வட்டார வழக்கும் சரி, மரியாதை இல்லைங்கிறதும் சரி.

மரியாதைப் பன்மை பழைய சங்கதிதான். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்சொல், இலக்கண நெறி அல்லன்னு தொல்காப்பியத்துல சொல் இலக்கணம் பேசுற கிளவியாக்க இயலே ஒதுக்கி வச்சுது. இன்னைக்கு அதுதான் இலக்கணம்!

கடையில விதி ஒன்னுதான்: வாடிக்கையாளர் காதுபட இன்னொரு வாடிக்கையாளரை ‘ய்ங்க’ போட்டுச் சொல்லக்கூடாது. ‘மருந்து குடுக்க மாட்டேங்கிறாய்ங்க’ன்னு அவங்க நம்மளைச் சொல்றப்பதான் அதோட முழுக் காரமும் தெரியும்.

பதில்: கல்லாப்பெட்டி
நல்லது. அப்ப விளிக்கிறது? எல்லாருக்கும் ‘சார்’, ‘மேடம்’னு போட்டுரலாமா?

பதில்: யானைமலை
பேன்ட் சட்டைக்கு ‘சார்’ சரி. கிராமத்துப் பெரியவருக்கு ‘ஐயா’, பாட்டிக்கு ‘அம்மா’. நடுவயசுப் பெண்களுக்கு ‘அக்கா’. அங்கே ‘அம்மா’ போட்டா வயசைக் கூட்டிட்டதா அர்த்தம். இளையவர்கிட்டயும் ‘ங்க’வை விடாதீங்க: ‘தம்பி, இங்க வாங்க’.

முன்பின் தெரியாதவங்ககிட்ட அண்ணன், அக்கா, தம்பி வகை மட்டும். ‘மாமா’, ‘மதினி’, ‘மாப்ள’ எல்லாம் பொண்ணு கொடுத்து எடுக்கிற முறை, கேலிக்கு உரிமை உள்ள சொற்கள். கூட்டாளிகளுக்குள்ள ‘மாப்ள’ ஓடும், கவுன்டர்ல ஓடாது.