கறுத்துப்போன ஒயரில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
பழைய டார்ச் ஒன்று, உள்ளே அல்கலைன் பேட்டரி கசிந்து ஒயர் முனை பச்சை பூத்து, உறையை உரித்தால் உள்ளே கம்பி கரியாக இருக்கிறது. சால்டரிங் செய்யப் பார்த்தால் ஈயம் உருண்டையாகத் திரண்டு கீழே விழுகிறதே தவிர ஒட்டுவதில்லை. பிளேடால் சுரண்டினேன், மெல்லிய இழைகளில் மூன்று கையோடு வந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில் 1:
சுரண்டுவதை முதலில் நிறுத்துங்கள். பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கசிந்த திரவம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஏறியிருக்கும், அதனால் வெளியே உறை நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். கடைசிவரை கறுப்பு என்றால் ஒயரையே மாற்றிவிடுவது நல்லது.

கேட்டவர்:
இரண்டு அங்குலம் வெட்டியும் கறுப்புதான். புது ஒயர் இப்போதைக்குக் கையில் இல்லை, ஒருநாள் ஓடினால் போதும்.

பதில் 2:
அப்படியானால் வினிகரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, உரித்த முனையை மட்டும் சில நிமிடம் நனையுங்கள், கறுப்பு கரைந்து இளஞ்சிவப்பாக வரும். உறைவரை முக்கினால் உப்பும் அமிலமும் உள்ளே ஏறி, பிறகு அதுவே மறுபடி பச்சை பூக்க வைக்கும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசி, துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் தாமதிக்காமல் ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிப்பதற்காகத் தடவும் பிசின்) தடவி ஈயம் பூசிவிடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் திரும்ப மங்கிவிடும், நான் அப்படி வைத்து இரண்டாம் முறை கழுவியவன்.

பதில் 3:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். குழாய் வேலைக்கு வரும் அமில ஃப்ளக்ஸைத் தொடாதீர்கள். அதில் துத்தநாகக் குளோரைடு இருக்கும், ஈயம் வெண்ணெய் மாதிரி ஓடும், ஆனால் மிச்சம் தங்கினால் கம்பியை அரித்துவிடும். லேசாக மங்கிய கம்பிக்கு ரோசினே போதும், கரியான கம்பிக்கு அது போதாது, அதனால்தான் முதலில் வினிகர். அப்புறம், ஈயத்தைச் சால்டரிங் அயர்ன் நுனியில் உருக்கித் தடவாமல், சூடேறிய கம்பியில் வையுங்கள்.

கேட்டவர்:
ஒட்டிவிட்டது! இழைகளுக்குள் ஈயம் உறிஞ்சிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் டார்ச் எரியவில்லை, பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கிலும் அதே பச்சை. அதற்கும் வினிகர்தானா?

பதில் 2:
வினிகர்தான், பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். ஸ்பிரிங்கின் பூச்சு உரிந்து துரு தெரிந்தால் எமரி பேப்பரால் தேயுங்கள்.