பெல்டியர் தகட்டுக்கு 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போதுமா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
வணக்கம். வெள்ளிக் கொலுசு வடிவமைப்புக்காகக் கடையில் வைத்திருக்கும் கணினி, சித்திரை வெயிலில் பிற்பகலானால் சூடேறி மந்தமாகிவிடுகிறது. அதன் 65 வாட் செயலியைக் குளிர்விக்க, டிஇசி1-12706 பெல்டியர் தகடுகள் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடுகள்) இரண்டு வாங்கினேன். ஒன்றை 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டரில் இணைத்தவுடன் அடாப்டரின் பச்சை விளக்கு இரண்டு முறை மினுக்கி அணைந்துவிடுகிறது. பழுது தகட்டிலா, அடாப்டரிலா?

மறுமொழி 1:
ஐயா, இரண்டிலும் பழுதில்லை. அந்தத் தகட்டின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம் என்பதால், இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும் தொடக்கத்தில் அது 6 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடான பிறகு தகட்டுக்குள்ளேயே எதிர் மின்னழுத்தம் பிறப்பதால் இழுப்பு குறையும். அந்தத் தொடக்கத்தைத் தாங்காமல்தான் அடாப்டர் நின்றுவிடுகிறது. 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பெரிய மின்வழங்கி) வாங்கினால் ஓடும். ஆனால் வாங்க வேண்டாம் என்பேன்.

12 வோல்ட்டில் ஒரு தகடே 60 வாட் அளவுக்கு மின்சாரம் தின்னும். அதுவும் செயலியின் வெப்பத்தோடு சேர்ந்து ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) தலையில்தான் விழும். தகடு கடத்தும் வெப்பம் மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனுள் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே குறைந்த மின்னோட்டத்தில் ஓட்டுவதே லாபம். இரண்டு தகடுகளையும் செயலியின் மேல் வைக்கும் ஒரே தாமிரப் பட்டையின் மீது அருகருகே பொருத்தித் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில்) இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 6 வோல்ட் கிடைக்கும், தொடக்கத்திலும் 3 ஆம்பியரைத் தாண்டாது, பாதி மின்சாரத்திலேயே ஒற்றைத் தகட்டைவிடக் கூடுதல் வெப்பம் வெளியேறும். உங்கள் அடாப்டரே போதும். முழுச் சுமையில் மட்டும் பெருங்குளிர்ச்சியை எதிர்பார்க்காதீர்கள். அடாப்டரும் கணினியும் ஒரே சுவிட்சில் இருக்கட்டும். மின்சாரம் இல்லாத தகடு வெப்பத்தைத் தடுக்கும் சுவர்.

மறுமொழி 2 (ஏற்காடு):
மேகம் சன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே 20 பாகையும் 90 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும் நாளில், 18 பாகைக்குக் கீழே போன எதிலும் நீர் படிந்துவிடும். என் தாமிரப் பட்டையின் ஓரத்தில் முத்து முத்தாகக் கோத்த நீர் இறங்கி, மதர்போர்டு ஒன்று வீணாயிற்று. சேலத்திலும் கோடை மழைக்குப் பின் 30 பாகை, 70 விழுக்காடு என்றிருந்தால் அந்த எல்லை 24 பாகை. பட்டை அதற்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தத்தைக் குறையுங்கள். தெர்மோஸ்டாட் (வெப்பநிலைக்கேற்ப இயங்கும் சுவிட்ச்) வைத்து அடிக்கடி அணைத்துப் போடாதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் தகட்டுக்குள் இருக்கும் பற்றாசு (சால்டர்) விரிசல் விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தொடராக இணைத்தேன். மீட்டர் 2.6 ஆம்பியர் காட்டுகிறது. பச்சை விளக்கு அணையவில்லை.