பிஸ்டலை இடுப்பில வைச்சால் நாள் முழுக்க நெஞ்சு படபடக்குது – சேஃப்டி லிவர் பற்றி ஒரு சந்தேகம்

கஸ்தூரியார் வீதிக்காரன்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில நகைக்கடை வைச்சிருக்கிறம். தற்காப்புக்கெண்டு என்ர பேரில அனுமதிப்பத்திரத்தோட ஒரு 9 மில்லிமீற்றர் பிஸ்டல் இருக்கு, பெரெட்டா 92 எஃப்எஸ். 2024 இல தற்காப்புத் துவக்குகள் எல்லாத்தையும் நவம்பர் 7 இற்குள்ள ஒப்படைக்கச் சொல்லி அரசாங்கம் அறிவிச்ச நேரம் வெலிசறை நேவி முகாமில கொண்டுபோய்க் குடுத்து, பிறகு திரும்பி வந்தது. வந்த நாள் தொடக்கம் இரும்புப் பெட்டிக்குள்ளதான் கிடந்தது. இப்ப வங்கிக்குக் காசு கொண்டுபோற நாளில கட்டாயம் கொண்டுபோ எண்டு அப்பா ஒற்றைக்காலில நிக்கிறார்.

எனக்கு அதை இடுப்பில வைச்சாலே சரிவருகுதில்லை. மோட்டர் சைக்கிளில குனிஞ்சால் குத்துது, அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா கை தானா அங்க போகுது. ஸ்லைட்டில, அதுதான் மேல முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற இரும்பில, இருக்கிற சேஃப்டி லிவரைக் கீழ தட்டினால் (கீழ எண்டால் பூட்டு) பின்னால இருக்கிற ஹாமர், அந்தச் சுத்தியல், ‘டக்’ எண்டு விழுது. ஒவ்வொரு முறையும் வெடிச்சிட்டுது எண்டுதான் நினைக்கிறன். ட்ரிகரின்ர முதல் இழுவை பாறை மாதிரி இருக்கு, அடுத்த இழுவை பஞ்சு மாதிரி. இது பழுதோ?

போன செவ்வாய்க்கிழமை இன்னொண்டு. விடிய லிவரைக் கீழ விட்டுத்தான் உறைக்குள்ள போட்டன். பின்னேரம் எடுத்துப் பாத்தால் லிவர் மேல நிக்குது, பூட்டு விட்டிருக்கு எண்டு காட்டுற சிவப்புப் புள்ளி தெரியுது. நான் தொடவேயில்லை. உறை எண்டு சொல்லுறது, பஸ் நிலையத்தடியில செருப்புத் தைக்கிறவர் தைச்சுத் தந்த தோல் பை.

ரவையை உள்ளுக்க ஏத்திக் கொண்டுபோறதோ, சேம்பரை, குழாயடியில ரவை இருக்கிற அறையை, வெறுமையா வைச்சிருக்கிறதோ எண்டும் ஆளுக்கொரு கதை சொல்லுகினம்.

நாவற்குழி:
இவ்வளவு பயத்தோட ஏன் ராசா அதைக் காவுறீர்? கமரா பூட்டி, காசை நேரம் மாத்தி மாத்திக் கொண்டுபோம். அதோட சரி.

பென்சன்காரன்:
நாவற்குழி சொல்லுறதில நியாயம் இருக்கு, ஆனால் தம்பி கேட்டது வேற. பொலிசில ஆயுதக் களஞ்சியத்தில கனகாலம் இருந்தனான், தெரிஞ்சதைச் சொல்லுறன்.

உம்மட பிஸ்டலில பழுதில்லை. ஹாமர் கீழ கிடக்கேக்க ட்ரிகர் ரெண்டு வேலை செய்யுது: ஹாமரைப் பின்னால இழுத்து நிமித்த வேணும், பிறகு விட வேணும். அதுதான் முதல் இழுவை பாரம். ஒரு வெடி போனதும் ஸ்லைட் பின்னுக்கு வந்து ஹாமரைத் தானே நிமித்தி வைச்சிடும். அதுக்குப் பிறகு ட்ரிகருக்கு விடுற வேலை மட்டும்தான். அந்த முதல் பாரமும் ஒரு பாதுகாப்புத்தான் எண்டு நினையும்.

லிவரைக் கீழ தட்ட ஹாமர் விழுறதும் அப்பிடிச் செய்ததுதான். லிவர் திரும்பேக்க, ஃபயரிங் பின் எண்ட, ரவையைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசியின்ர பின்பக்கத் துண்டு ஹாமரின்ர வழியை விட்டுச் சுழண்டு விலகிடும். ஹாமர் வந்து இடிக்கிறது இரும்பில, பின்னில இல்லை. அதே லிவர் ட்ரிகரின்ர தொடர்பையும் அறுத்து விடும். இது போக உள்ளுக்க ஒரு சின்னக் கட்டை பின்னை மறிச்சுக்கொண்டு நிக்கும். ட்ரிகரைக் கடைசி மட்டும் இழுத்தால்தான் அது மேல எழும்பி வழி விடும். கை தவறி நிலத்தில விழுந்தாலும் வெடியாமல் காக்கிறது அந்தக் கட்டைதான். எண்டாலும் ஹாமரை இறக்கேக்க துவக்கின்ர வாய் பாதுகாப்பான பக்கம்தான் பாக்க வேணும். இயந்திரத்தை நம்பலாம், அதுக்காகச் சுவருக்கு அங்கால ஆள் இருக்கிற பக்கம் பிடிக்கேலாது.

இனி, இந்த லிவர் மேல வந்த கதை. உமக்குச் சரியாப் பயம் வர வேண்டிய இடம் அதுதான். துவக்கில பிழையில்லை, அந்தப் பையில. எந்தப் பக்கம் உரசுது எண்டு பாரும். பையின்ர வாய் மெல்லிசா மடியுதோ? திரும்ப உள்ள விடேக்க மடிஞ்ச தோல் ட்ரிகருக்க போனால், விரல் போனதும் அதுவும் ஒண்டுதான்.

கஸ்தூரியார் வீதிக்காரன்:
ஐயா, இப்ப எடுத்துப் பாத்தன். வார் லிவருக்கு நேர மேலால போகுது. வாய் நீங்கள் சொன்ன மாதிரித்தான், துவக்கை எடுத்ததும் பழைய மணிபேர்ஸ் மாதிரி ஒட்டிப்போகுது.

உங்களிட்டை ஒண்டை மறைச்சிட்டன், வெக்கத்தில. போன கிழமை இரவு வீட்ட வந்து ரவையை இறக்கேக்க முதல் ஸ்லைட்டை இழுத்தன். ஒரு ரவை பாயில விழுந்துது. பிறகு மகசீனை, பிடிக்குள்ள ரவை அடுக்கிற பெட்டியை, கழட்டி மேசையில வைச்சன். முடிஞ்சுது எண்டு நினைச்சு ட்ரிகரை இழுத்துப் பாக்க வெளிக்கிட்டன். ஏனெண்டு தெரியேல்லை, விழுந்த ரவையை எடுத்து மகசீனில தள்ளி எண்ணிப் பாத்தன். 15 இருக்க வேணும், 14 தான் இருந்துது.

பென்சன்காரன்:
அந்த ஒண்டு சேம்பருக்க இருந்திருக்கும். ஸ்லைட் முன்னுக்குப் போகேக்க மகசீனில இருந்து அடுத்ததை ஏத்திக்கொண்டுதான் போகும். மகசீன் இல்லாட்டில் வெடிக்காது எண்டு ஆக்கள் நினைக்கினம். பழைய பிரவுணிங் ஹைபவர் பிஸ்டலில அப்பிடி ஒரு மறிப்பு இருக்கு. உம்மட பெரெட்டாவில இல்லை. மகசீன் மேசையில கிடக்க, இது வெடிக்கும்.

முதல் மகசீன், பிறகுதான் ஸ்லைட். ரெண்டு மூண்டு தரம் இழுத்து, பின்னுக்குப் பூட்டிப்போட்டு, சேம்பரைக் கண்ணால பாரும், சுண்டுவிரலை விட்டும் பாரும். வலப்பக்கம் கோதை இழுக்கிற கொக்கி இருக்கல்லோ, ரவை உள்ளுக்க இருந்தால் அது கொஞ்சம் வெளியில தள்ளிக்கொண்டு சிவப்புக் காட்டும். இருட்டில தடவியும் பாக்கலாம். இறக்கிற இடத்தில ஒரு வாளி நிறைய மண் வைச்சு, வாயை அதுக்க பிடிச்சுக்கொண்டு செய்யும். சீமெந்து நிலத்தைப் பாத்துப் பிடியாதையும், தெறிச்சு வரும்.

இன்னொண்டு. ஒவ்வொரு விடியவும் அதே ரவையை ஏத்தி, இரவில இறக்கினால், சன்னம், ரவையின்ர முன்முனை, கோதுக்குள்ள மெல்ல மெல்லத் தாழும். அப்பிடித் தாழ்ந்ததைச் சுட்டால் உள்ள அமுக்கம் கூடும். புது ரவை ஒண்டைப் பக்கத்தில நிப்பாட்டி உயரத்தைப் பாரும். கட்டையா இருந்தால் அதை ஒதுக்கி வையும்.

ஸ்காபரோ தம்பி:
நான் ரொறன்ரோவில காசு வண்டியில வேலை செய்தனான். இங்க சாதாரண சனம் கைத்துவக்கை இடுப்பில கொண்டு திரிய ஏலாது, எங்களுக்கு வேலை நேரத்துக்கு மட்டும் தனி அனுமதி. எனக்குத் தந்தது க்ளொக் எண்ட பிஸ்டல். அதில வெளியில தட்டுற லிவரே இல்லை. ட்ரிகருக்க ஒரு சின்ன நாக்கு, உள்ளுக்க ரெண்டு மறிப்பு, அவ்வளவுதான். முதல் மாசம் அண்ணைக்கு இருக்கிற அதே நடுக்கம் எனக்கும்.

எங்களுக்குப் பழக்கினவர் ஒரு வேலை தந்தார். சேம்பர் வெறுமை, மகசீனும் வெறுமை, ஸ்லைட்டை மட்டும் இழுத்து விட்டு உறையில போடு. பத்து நாள் வீட்டுக்குள்ள அப்பிடியே திரி. குனி, படியேறு, கதிரையில தொம்மெண்டு இரு. இரவில சேம்பரைத் திரும்பப் பாத்துட்டு, பாதுகாப்பான பக்கம் பிடிச்சு ட்ரிகரை இழு. ‘டிக்’ எண்டு கேட்டால், பகல் முழுக்க அது தானா விழேல்லை எண்டு அர்த்தம். பத்து நாளும் ‘டிக்’ கேட்டுது. பதினோராவது நாள் கை இடுப்புக்குப் போறது நிண்டுட்டுது. ஆரும் தைரியம் சொல்லி அது நிண்டதில்லை.

பென்சன்காரன்:
நல்ல வேலை. பெரெட்டாவுக்குக் கொஞ்சம் மாத்திச் செய்ய வேணும். வெறுமையா வைச்சு, ஹாமரை இறக்கி, லிவரைக் கீழ விட்டு வெளிக்கிடும். இரவில லிவர் எங்க நிக்குது எண்டு ஒரு கொப்பியில எழுதும். அந்தப் பையோட வேண்டாம், புது உறை வந்தாப்பிறகு.

சேம்பரில ரவை வைக்கிறதோ இல்லையோ எண்டதுக்கு என்ர பதில்: கொப்பி சரிவருமட்டும் வெறுமை. அதுக்குப் பிறகும் வெறுமைதான் மனசுக்குச் சரி எண்டால் அப்பிடியே விடும். எடுக்கேக்க ஸ்லைட்டை இழுக்க ரெண்டு கையும் வேணும், நேரமும் போகும். அதைத் தெரிஞ்சு கொண்டு முடிவெடும். பழகிறதுக்குத் தென்னங்காணிக்க ஒண்டு ரெண்டு வெடி போடலாம் எண்டு ஆரும் சொன்னால் கேளாதையும். அனுமதிப்பத்திரமே போயிடும்.

கோண்டாவில் அக்கா:
தம்பி, வீட்டில சின்னனுகள் இருக்கோ? அதை ஒருத்தரும் கேக்கேல்லை. அலுமாரிக்கு மேல, தலையணைக்குக் கீழ எல்லாம் ஒளிப்பிடம் இல்லை, பிள்ளையளுக்கு முதல் தெரியிறதே அந்த இடங்கள்தான். துவக்கு ஒரு பூட்டில, ரவை வேற பூட்டில, திறப்பு உம்மோட. சேட்டுக்குக் கீழ அந்த மொத்தம் தெரியாமலும் பாத்துக்கொள்ளும். எங்கட சனத்துக்கு இடுப்பில துருத்திக்கொண்டு நிக்கிறது என்னெண்டு ஒரு பார்வையில தெரியும். பாங்கில எனக்கு முன்னால அப்பிடி ஒராள் நிண்டால், நான் வரிசையை விட்டுட்டு வெளியில வந்திடுவன்.

கஸ்தூரியார் வீதிக்காரன்:
மூண்டு கிழமையால வாறன். எல்லாருக்கும் நன்றி.

தடிச்ச மாட்டுத்தோலில புதுசாத் தைப்பிச்சன். ட்ரிகர் முழுக்க மூடுது, வாய் திறந்தபடி நிக்குது, வார் லிவரில முட்டாமல் பின்னுக்குப் போகுது. தைச்சவருக்கு அளவுக்குக் குடுத்தது பலகையில வெட்டின பிஸ்டல், உண்மையானதை அங்க கொண்டுபோகேல்லை. கொப்பியில 12 நாள் எழுதிப்போட்டன். 12 நாளும் லிவர் கீழ.

வேர்வையில ஸ்லைட்டின்ர ஒரு பக்கம் லேசாத் துருப்பிடிச்சிருந்துது, இப்ப இரவில துடைச்சு எண்ணெய் பூசிப்போட்டு உறையில இல்லாமல் வெளியில வைச்சுத்தான் பூட்டுறன். வங்கி நாளில மட்டும் கொண்டுபோறன், சேம்பர் வெறுமை. வெள்ளிக்கிழமை கடை பூட்டிப்போட்டு நேர நல்லூருக்குப் போற பழக்கம் எனக்கு. அங்க சேட்டைக் கழட்ட வேணுமெல்லோ. அதால இப்ப வீட்ட வந்து, வாளியடியில இறக்கி, பூட்டிப்போட்டுத்தான் வேட்டி கட்டுறன். பூசை ஒண்டு தவறுது. அம்மாவுக்கு அதுதான் கோவம்.

பெல்ற்தான் இன்னும் சரிவருகுதில்லை. துவக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போகுது.

பென்சன்காரன்:
கடையில விக்கிற மெல்லிசுப் பெல்ற் தாங்காது. ரெண்டு மடிப்புத் தோல், ஒன்றரை அங்குல அகலம், உறையின்ர கண்ணுக்க இறுக்கமாப் போக வேணும். அதையும் அவரிட்டையே தைப்பியும். பழைய பையை என்ன செய்தனீர்? ஆரிட்டையும் குடுத்துப் போடாதையும்.

கஸ்தூரியார் வீதிக்காரன்:
வெட்டிப்போட்டன் ஐயா. கடைத் திறப்புக் கோர்வைக்கு வார் ஆக்கியாச்சு.