'விண்டர் ஸ்குவாஷ்': குளிர்காலப் பூசணியா, முற்றுபூசணியா?

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவில் வீட்டுத்தோட்டம் போடும் தமிழருக்கான கையேட்டில் இரண்டு சொற்கள் இடறுகின்றன. பட்டர்நட், ஏகார்ன், ஹப்பர்ட் போன்ற பூசணி வகைகளைக் குறிக்கும் 'விண்டர் ஸ்குவாஷ்' என்பதற்குக் 'குளிர்காலப் பூசணி' என்றும், பறித்த பின் செய்யும் 'கியூரிங்' என்பதற்குப் 'பதப்படுத்தல்' என்றும் இப்போதைக்கு வைத்திருக்கிறேன். சரிதானா?

——

ஐயா, வணக்கம்.

'குளிர்காலப் பூசணி' என்று படிப்பவர் அதைக் குளிர்காலத்தில் விதைக்கிற பூசணி என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்தக் கொடியோ ஒரே இரவு உறைபனியில் கருகிவிடும். மண் குளிர்ந்து கிடந்தால் விதை முளைக்காமல் அழுகும். தெற்கு ஒன்டாரியோவில் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ நட்டு, செப்டம்பர் கடைசிக்குள் பறிக்க வேண்டிய கோடைப் பயிர் இது. 'விண்டர்' என்பது சாப்பிடுகிற காலத்துக்கு வந்த பெயர்.

தமிழுக்கு இந்தப் பருவக்கணக்கே வேண்டாம். சுக்கினியும் ஏகார்னும் குக்குர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். சுக்கினியைப் பூ உதிர்ந்து ஒரு வாரத்துக்குள் பிஞ்சாகப் பறிக்கிறோம். ஏகார்னைத் தோல் இறுகும்வரை கொடியில் விடுகிறோம். நம் சமையலில் இது பழைய பாகுபாடுதான்: பரங்கிப் பிஞ்சில் பால் கூட்டு, முற்றிய பரங்கியில் புளிக்கூட்டு. ஆகவே பிஞ்சுப்பூசணி, நெற்றுப்பூசணி என்று வைக்கலாம். முருங்கை நெற்று, தேங்காய் நெற்று எல்லாம் புழக்கத்தில் உள்ளவையே.

——

> நெற்றுப்பூசணி என்று வைக்கலாம்.

மன்னிக்கவும், இதை ஏற்க முடியவில்லை. இலங்கையில் சாம்பல் பூசணிக்குப் பெயர் நீற்றுப்பூசணி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். அச்சில் சுழி பிசகினால் காயே மாறிப்போகும். தவிர, நெற்று என்றால் உலர்ந்தது. முற்றிய பட்டர்நட்டின் சதையில் ஈரம் இருக்கும்.

'முற்றல்' என்றால் வெண்டைக்காய்க்கு வசவு. ஆனால் பரங்கிக்கு "நல்லா முத்தின காய்" என்பது பாராட்டு. எனவே முற்றுபூசணி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ப் மிகாது. கொங்கு வட்டாரத்தார் அரசாணி என்பார்கள், தஞ்சைப் பக்கம் பரங்கி. அவற்றை அருஞ்சொல் பட்டியலில் சேர்த்தால் போதும், தலைப்புக்கு வேண்டாம்.

பெயர் இப்படி இருந்தால் பறிக்கும் பக்குவமும் அதிலேயே வந்துவிடும். பட்டர்நட்டுக்குக் காய் பிடித்து 50 முதல் 60 நாள் ஆகும். நகத்தை அழுத்தினால் தடம் விழக்கூடாது. காம்பைச் சுற்றியுள்ள பச்சைக் கோடுகள் மறைந்து, தோல் முழுக்கச் சந்தன நிறமாகியிருக்க வேண்டும். கோடு இருக்கும்போதே அறுத்தால் உள்ளே மாவு சேர்ந்திருக்காது. வேகவைத்தால் சொதசொதவென்று நீர் விடும், இனிப்பும் இராது. ஆகஸ்ட் கடைசியில் பிடிக்கும் பிஞ்சு முற்றுவதற்குள் பனி வந்துவிடும். அதைக் கிள்ளிவிட்டால் சத்து மற்றக் காய்களுக்குப் போகும்.

'பதப்படுத்தல்' இன்னும் மோசம். நறுக்கி உப்பிட வேண்டுமோ என்று நினைப்பார்கள். இங்கே நடப்பது வேறு: முழுக்காயை 27 முதல் 29 பாகை செல்சியஸ் சூட்டில், காற்றோட்டமாக, ஒன்றையொன்று தொடாமல் பத்து நாள் வைக்கிறோம். கீறல்களின் மேல் தக்கை போன்ற படலம் மூடும், தோல் இறுகும். அந்தப் படலம் இல்லாத கீறல் வழியாகத்தான் பூஞ்சை நுழைகிறது.

——

அப்படியானால் புகையிலைக்குச் சொல்வதுபோல் 'பாடம் போடுதல்' என்கலாமே?

——

புகையிலைப் பாடத்தில் இலையின் குணமே மாறும். இங்கே காயம் ஆறுகிறது, அவ்வளவுதான். 'தோலாற்றுதல்' என்பது என் முன்மொழிவு. புண்ணை ஆற்றுவதும் ஆற்றுதல், சூட்டை ஆற்றுவதும் ஆற்றுதல். வெங்காயத்துக்கும் சர்க்கரைவள்ளிக்கும்கூட இதே சொல் பொருந்தும்.

கையேட்டில் ஒரு விலக்கை மறக்காமல் போடுங்கள்: ஏகார்னைத் தோலாற்றக் கூடாது, சூட்டில் வைத்தால் சீக்கிரம் கெடும். அது ஐந்து முதல் எட்டு வாரம் தாங்கும், பட்டர்நட் இரண்டு மூன்று மாதம், ஹப்பர்ட் ஐந்தாறு மாதம். எல்லாம் 10 முதல் 13 பாகையில், ஈரமில்லாத நிலவறையில். குளிர்பெட்டி ஆகாது, 10 பாகைக்குக் கீழே குளிர்த்தாக்கம் வந்து அழுகும். ஆப்பிள் கூடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். காம்பை 5 செ.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்கள். அதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். காம்பு பிய்ந்த காயை முதலில் சமைத்துவிடுவதே வழி.

——

முற்றுபூசணி, தோலாற்றுதல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். 'ஸ்பகெட்டி ஸ்குவாஷ்' மட்டும் மிச்சம். 'நூற்பூசணி' என்று எழுதியிருக்கிறேன்.

——

'இடியாப்பப் பூசணி' என்றே போடுங்கள், யாருக்கும் விளக்க வேண்டியிராது. கூடவே ஒரு வரி: நெடுக்கே பிளக்காமல் குறுக்கே வளையமாக வெட்ட வேண்டும். இழைகள் காயைச் சுற்றி ஓடுகின்றன. நெடுக்கே பிளந்தால் பாதிபாதியாய் அறுந்துபோகும். 200 பாகை அடுப்பில் வாட்டி, முள்கரண்டியால் சுரண்டினால் இழை இழையாக வரும். அதிகம் வெந்தால் கூழ்தான்.