டைப் எக்ஸ்ட்ராக்டர்: ‘வகைத்திரட்டி’ என்று வைக்கலாமா?

வணக்கம்.

பெரிய நிரலகத்திலிருந்து டைப் (எண், எழுத்து, கட்டமைப்பு என ஒரு மதிப்பு எந்த வகை என்பது) வரையறைகளை மட்டும் எடுத்துத் தரும் கட்டளைவரிக் கருவிக்கு ‘வகை பிரித்தெடுப்பான்’ என்று முன்மொழிந்திருந்தீர்கள். ‘வகை’ எனக்குச் சரி. ‘தரவினம்’ என்று போனால் செயற்கூறின் (ஃபங்ஷன்) டைப்பையும் தரவு என்று சொல்ல வேண்டிவரும், ஒட்டாது. எனக்கு உறுத்துவது ‘பிரித்தெடு’தான். ஜிப் கோப்பைத் திறக்கவும் அதே சொல்லைத்தான் புழங்குகிறோம், அதோடு இந்தக் கருவி எதையும் பிரிப்பதே இல்லை, மூல நிரல் இருந்தபடியே இருக்கிறது.

அது உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், ஓடும் ஒவ்வொரு பணியின் விவரத்தையும் வைத்திருக்கும் டாஸ்க்_ஸ்ட்ரக்ட் என்ற வகை வேண்டும் என்று வையுங்கள். அதற்குள் ஷெட்_என்டிட்டி என்ற இன்னொரு வகை முழுசாகப் பதிந்திருக்கிறது, ஆகவே அதன் வரையறையும் வேண்டும், இல்லாவிட்டால் அளவைக் கணக்கிட முடியாது. அதற்குள் லோட்_வெயிட், ஆர்பி_நோட் என்று இன்னும் உள்ளே போகும், இவற்றில் சில வேறு தலைப்புக் கோப்புகளில் (ஹெடர்) சிதறிக் கிடப்பவை. ஆனால் எம்எம்_ஸ்ட்ரக்ட்டுக்கு டாஸ்க்_ஸ்ட்ரக்ட்டில் வெறும் சுட்டிதான் (அது இருக்கும் நினைவக முகவரி) இருப்பதால் பெயரை அறிவித்தாலே போதும். பிபிஎஃப்டூல் என்ற கட்டளைவரிக் கருவி இந்த வேலையைக் கெர்னல் முழுவதற்கும் செய்கிறது: மூல நிரலைத் தொடாமல், கெர்னலோடு வரும் பிடிஎஃப் என்ற வகைத் தகவலைப் படித்து எல்லா வகைகளையும் ஒரே தலைப்புக் கோப்பாகக் கொட்டிவிடும், அது சாதாரணமாக லட்சம் வரியைத் தாண்டும்.

சிதறிக் கிடப்பதைத் தேடி, வேண்டியதை மட்டும் ஓரிடத்தில் சேர்ப்பதற்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது: திரட்டு. தனிப்பாடல் திரட்டு என்கிறோம், பாடல்களை எங்கிருந்தும் பிடுங்கிவிடவில்லை, தேர்ந்து சேர்த்திருக்கிறோம். எனவே கருவி ‘வகைத்திரட்டி’, அது தரும் கோப்பு ‘வகைத்திரட்டு’, செயல் ‘திரட்டு’. ஒரே வேரில் மூன்றும் கிடைத்துவிடுகிறது. வலைப்பதிவுத் திரட்டியோடு குழம்பும் என்று யாராவது சொல்லக்கூடும், ஆனால் அங்கேயும் பொருள் இதுதானே. ‘தொகுப்பி’ பக்கம் மட்டும் போக வேண்டாம், அதைக் கம்பைலருக்குக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்று, மேலே பார்த்தபடி வரையறை (உள்ளடக்கம் முழுவதையும் தருவது) வேறு, அறிவிப்பு (பெயரையும் வெளிவடிவத்தையும் மட்டும் சொல்வது) வேறு. டைப்ஸ்கிரிப்ட் மொழிக்காரர்கள் வகை விவரம் மட்டும் கொண்ட டி.டிஎஸ் கோப்பை இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள் என்பதற்காக நாமும் கலந்துவிடக் கூடாது. டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சி அந்தக் கோப்பை உண்டாக்கும்போது செயற்கூறின் உடலை விட்டுவிட்டுப் பெயர், அளபுருக்கள், வகைகளை மட்டும் வைக்கிறது, அதனால் ‘அறிவிப்புக் கோப்பு’ என்பதே பொருந்தும்.

பைத்தானில் ஸ்டப்ஜென் என்ற கருவி செய்வதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் அது உண்டாக்கும் கோப்பான ‘ஸ்டப்’புக்கு எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘கூடு’ என்று யோசித்தேன், உள்ளே ஒன்றும் இல்லாமல் வெளிவடிவம் மட்டும் நிற்பது என்ற பொருளில். கேட்டவுடன் பறவைக்கூடுதான் நினைவுக்கு வருமோ? உதவிப் பக்கத்தை மொழிபெயர்க்கத் தொடங்குமுன் இந்த ஒன்றையாவது முடித்துவிடலாம், சொல்லுங்கள்.