உருப்பதிவா, மணப்பதிவா?

வணக்கம் ஐயா,

olfactory imprinting, அதாவது இளம் உயிரின் மனதில் ஒரு வாசம் பதிந்துவிடுவது, இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்ன 'உருப்பதிவு' விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸின் வாத்துக் குஞ்சுகளுக்குப் பொருந்தும். பொரித்ததும் கண்ட உருவத்தைத் தாயென்று நம்பி அவர் பின்னாலேயே போயின. நான் மொழிபெயர்க்கும் கட்டுரையிலோ கண்ணுக்கு வேலையே இல்லை. ஜெர்மனியின் பீலஃபெல்டில் பார்பரா காஸ்பர்ஸ் குழுவினர், கூட்டைவிட்டு வெளிவந்த ஜீப்ரா ஃபின்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளுக்கு இரண்டு கூடுகளின் வாசத்தைக் காட்டினார்கள். தாம் வளர்ந்த கூட்டின் பக்கமே அவை சாய்ந்தன (2011). 1998இல் வந்த இன்னோர் ஆய்வில், கோழிமுட்டைக்குள் கரு இருக்கும்போதே ஸ்ட்ராபெரி வாசம் காட்ட, பொரித்த குஞ்சு அதையே நாடியது. ஓட்டுக்குள் ஏது உரு?

அம்மா சொன்ன 'மணப்பதிவு' எனக்கும் பிடித்தது. வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தேன். "யாருக்கு ரிஜிஸ்டர் கல்யாணம்?" என்றார் மனைவி. சரி, அது போயிற்று. 'நாற்றப்பதிவு' வள்ளுவர் காலத்தில் செல்லும்; இன்று மூக்கைப் பொத்துவார்கள். 'மோப்பப்பதிவு' கிட்டத்தட்ட சரி. ஆனால் மோப்பம் என்றால் நாய் மாதிரி தேடிப் பிடிப்பது. குஞ்சு சும்மா கிடக்கிறது, வாசம்தான் வந்து படிகிறது. முகரும் புலனுக்குப் பெயராக மோப்பம் இருக்கட்டும்.

என் முன்மொழிவு 'வாடைப்பதிவு'. கீழே விழுந்த மைனாக் குஞ்சைத் தொடப்போனால் பாட்டி கத்துவார்: "கை வைக்காதே, மனுச வாடை பட்டா தாய் சேர்க்காது!" அந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு, எடுத்துக் கூட்டில் வைத்தால் தாய் இரை கொடுக்கவே செய்யும். ஆனால் சொல் சரி. பால் வாடை, மீன் வாடை, மனுச வாடை என்று, ஒன்றோடு ஒட்டிக்கிடக்கும் வாசத்தைத்தானே வாடை என்கிறோம்? எச்சமும் இறகும் காய்ந்த புல்லும் கலந்து வீசுவதை மணம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'கூட்டு வாடை' என்றே எழுதியிருக்கிறேன்.

*

தம்பி,

வாடைப்பதிவு இருக்கட்டும். வாடைக்காற்றோடு குழம்புமோ என்று யோசித்தேன். பக்கத்தில் 'பதிவு' நிற்பதால் குழம்பாது. ஆனால் 'கூட்டு வாடை' வேண்டாம். எனக்குப் பூசணிக்காய்க் கூட்டுதான் மணக்கிறது. 'கூட்டின் வாடை' என்று விரித்தே எழுதுங்கள்.