கோல்ஃப் பையில் வாங்கவே வேண்டாதது எது?

புதுப்பை:
வணக்கம். கைமாறி வந்த பழைய செட்டில் சென்னையில் ஆடுகிறேன். 10.5 டிகிரி டிரைவர் (2014 மாடல்), 3 வுட், 5ஆம் எண்ணிலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை இரும்புகள், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், புட்டர். ஸ்கோர் 105க்கும் 110க்கும் நடுவே, அதாவது ஒரு சுற்றை முடிக்க அத்தனை அடி. ஒதுக்கிய பணம் 40,000 ரூபாய். ரேஞ்சில் ஆளுக்கொன்றாகச் சொன்னதில் சேர்ந்த பட்டியல் இது: புது டிரைவர், 60 டிகிரி லாப் வெட்ஜ், லேசர் ரேஞ்ச்ஃபைண்டர், புரோக்கள் ஆடும் யூரித்தேன் பந்து, பெரிய டூர் பை. இதில் எதை அடித்துவிடலாம்? பட்டியலில் விட்டுப்போனது எது? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏழாம்இரும்பு:
டிரைவரில் முதல் கோடு போடுங்கள். விதிப்படி ஹெட்டின் பருமன் 460 சிசியைத் தாண்டக்கூடாது. பந்தில் படும் முகப்பின் ஸ்பிரிங் தன்மையை ஒரு ஊசல் குண்டை மோதவிட்டு அளப்பார்கள், அந்தக் குண்டு முகப்பைத் தொட்டிருக்கும் நேரம் 257 மைக்ரோ செகண்டுக்கு மேல் போகக்கூடாது. இவையெல்லாம் 2004 வாக்கிலேயே வந்துவிட்ட வரம்புகள். உங்கள் 2014 மாடலுக்கும் இதே வரம்புதான், நேற்று வந்த மாடலுக்கும் இதே வரம்புதான். நடுவில் பட்ட அடிக்குப் புதுசு பெரிதாக எதையும் கூட்டித் தராது. ஓரத்தில் பட்டால் ஹெட் திருகாமல் நிற்பதில்தான் புது மாடல்கள் முன்னேறியிருக்கின்றன. அது வேண்டுமென்றாலும் மூன்று, நான்கு வருடம் பழசான செகண்ட் ஹேண்ட் போதும்.

அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் காசு அளவுக்கு ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு முகப்பைப் பார்க்கும்படி டீயில் வைத்து அடியுங்கள். மை முகப்பில் ஒட்டிக்கொள்ளும். பத்து பந்து அடித்தால் எங்கே படுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு கிரிப்பில் கையை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து இன்னொரு பத்து. கடையில் விற்கும் டிரைவர் பெரும்பாலும் 45.5 அங்குலம் அல்லது அதற்கும் மேல். டூரில் (தொழில்முறைப் போட்டிகளில்) ஆடுபவர்களிலேயே பலர் அதைவிடக் குட்டையானதைத்தான் வைத்திருக்கிறார்கள். இறக்கிப் பிடித்ததும் புள்ளிகள் நடுவே கூடினால் பிரச்சினை நீளத்தில்தான், மாடலில் இல்லை.

உடனே ஷாஃப்டை (தண்டை) வெட்டிவிடாதீர்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (சுழற்றும்போது கைக்குத் தெரியும் ஹெட்டின் கனம்) சுமார் 3 புள்ளி குறையும், ஹெட் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியாது. ஒரு புள்ளியை மீட்க ஹெட்டில் ஏறக்குறைய 2 கிராம் ஈய டேப் ஒட்ட வேண்டும். ஒரு அங்குலம் வெட்டினால் 12 கிராம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கையை இறக்கிப் பிடிப்பதற்குக் காசில்லை.

லாஃப்டையும் (முகப்பின் சாய்வு) யாராவது 9 டிகிரிக்கு மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். மெதுவான ஸ்விங்குக்கு லாஃப்ட் கூடினால்தான் பந்து காற்றில் நிற்கும்.

மணல்குழி:
60 டிகிரி இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குள் ஒரு கேள்வி: உங்கள் பிட்சிங் வெட்ஜின் லாஃப்ட் எவ்வளவு? இதைப் பார்க்காமலே எல்லோரும் வெட்ஜ் வாங்குகிறார்கள். பழைய செட்களில் அது 48 டிகிரி. அதற்கடுத்து 56 என்றால் நடுவில் 52 போட்டுச் சமாளிக்கலாம். கடந்த பத்துப் பதினைந்து வருடமாக வரும் செட்களில், அதுவும் புதியவர்களுக்கென்று விற்கும் செட்களில், 44, 45 சாதாரணம். இன்னும் குறைவாகக்கூட உண்டு. லாஃப்டைக் குறைத்து, இரும்பின் மேல் அதே எண்ணை அடித்து, "ஏழாம் இரும்பில் கூடுதல் தூரம்" என்று விற்கிறார்கள். ஏழு என்று எழுதியிருக்கிற பழைய ஆறு அது.

அதன் விலையை வெட்ஜ் பக்கம் கொடுக்கிறோம். 44க்கும் 56க்கும் நடுவே 12 டிகிரி, அதாவது முப்பது யார்டுக்கு மேல் ஓட்டை. அந்தத் தூரத்தில் நின்றால் ஒன்றைப் பாதி சுற்ற வேண்டும், இல்லை மற்றொன்றை மூச்சுப் பிடித்து அடிக்க வேண்டும். இரண்டுமே பிசகும். 60 டிகிரி வாங்கினால் அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

தரையையும் பாருங்கள். வெயில் காலத்தில் புல் மெலிந்து இறுகிக் கிடக்கும் தரையில், பவுன்ஸ் (கிளப்பின் அடிப்பாகம் முன்விளிம்புக்குக் கீழே இறங்கும் கோணம்) அதிகமான வெட்ஜைத் திறந்து வைத்தால் முன்விளிம்பு தரையிலிருந்து எழும்பி நிற்கும். விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு கிரீனைத் தாண்டி ஓடும். பவுன்ஸ் குறைந்ததை வாங்கினால் அதே கிளப் மெத்தென்ற மணலில் மண்வெட்டி போல இறங்கும். மணலுக்கு 10 முதல் 12 டிகிரி, இறுகிய தரைக்கு 4 முதல் 6 என்பது பொதுக் கணக்கு. 56இல் இது இரண்டுக்கும் நடுவே எங்காவது இருந்தால் போதும்.

கிரீன் ஓரத்தில் பந்தைத் தூக்கித்தான் போட வேண்டும் என்றும் இல்லை. 12இலிருந்து இரும்பின் எண்ணைக் கழியுங்கள். பந்து பறப்பது ஒரு பங்கு என்றால் உருள்வது மீதி வந்த எண். 8ஆம் இரும்பு என்றால் ஒன்றுக்கு நான்கு. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு இரண்டு. சமதளமான, நடுத்தர வேகக் கிரீனுக்கு இந்தக் கணக்கு. மேடேறும் சிப்புக்கு ஒரு எண் குறைந்த இரும்பை எடுங்கள், சரிவில் இறங்குவதற்கு ஒரு எண் கூடியதை. எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்தை மட்டும் பார்த்து, புட் அடிப்பது போல அடித்தால் சரி.

கேடிகணக்கு:
லேசர் விஷயத்தில் எனக்கு மேலே சொன்னவர்களோடு சண்டை வரும் என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லிவிடுகிறேன். 105 அடிப்பவருக்குக் கொடி 147 யார்டா 152 யார்டா என்பது பயனில்லாத தகவல். ஏழாம் இரும்பு அவருக்கு ஒருமுறை 120 போகும், ஒருமுறை 145 போகும். 100, 150, 200 யார்டு அடையாளங்களைப் பாருங்கள். பெரும்பாலான மைதானங்களில் அந்தத் தூரம் கிரீனின் நடுப்பகுதிக்குத்தான். பை சுமந்து கூட வரும் கேடியிடம் கேளுங்கள், அவருக்கு எந்த மரத்திலிருந்து எவ்வளவு என்பது மனப்பாடம்.

போட்டியில் ஆடுவதாக இருந்தால் இதுவும் தெரிய வேண்டும். 2019 விதிகளின்படி தூரம் அளக்கும் கருவிக்கு அனுமதி உண்டு, மேடு பள்ளம் கணக்கிட்டுச் சொல்லும் வசதிக்கு இல்லை. அந்த வசதியை அணைக்காமல் பயன்படுத்தினால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம், மறுபடி செய்தால் தகுதி நீக்கம்.

பெரிய டூர் பையைப் பற்றி ஒரே வரி: காலியாகவே 4, 5 கிலோ இருக்கும், அதைச் சுமப்பது நீங்களல்ல. இரண்டரை கிலோவுக்குள் ஸ்டாண்ட் பை ஒன்று வாங்குங்கள், கேடி உங்களை வாழ்த்துவார்.

ஏழாம்இரும்பு:
சண்டை இல்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். கொடிக்கு எவ்வளவு என்பதைவிட முன்னால் இருக்கும் பங்கரை (மணல் குழியை) தாண்ட எவ்வளவு என்பதுதான் இவருக்கு வேண்டியது. அதற்கு லேசர் உதவும், போனில் ஓடும் ஜிபிஎஸ் செயலியும் உதவும். அதனால் லேசர் அடுத்த வருடம்.

பந்து: ஒரு சுற்றில் நான்கைந்து தொலைப்பவருக்கு யூரித்தேன் வீண். டிரைவரில் அதற்கும் மலிவான பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. 30, 40 யார்டிலிருந்து வெட்ஜால் சுத்தமாக அடித்தால்தான் யூரித்தேன் கிரீனில் பிடித்து நிற்கும். அயனோமர் என்ற கெட்டி பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு அடுக்குப் பந்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே ஆடுங்கள். ஹோலுக்கு ஒரு பிராண்ட் என்று மாற்றினால் சிப் (கிரீன் ஓரத்துக் குட்டி அடி) எவ்வளவு உருளும் என்பது கைக்குப் பழகவே பழகாது. குளத்தில் எடுத்த பந்து வாங்கலாம், ஆனால் "ரீஃபினிஷ்டு" என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். மேலே பெயிண்ட் அடித்து லோகோவை மறுபடி அச்சிட்டிருப்பார்கள். பெயிண்ட் குழிகளில் தேங்கினால் பறக்கும் விதமே மாறிவிடும்.

வெட்ஜ் முகப்பில் இருக்கும் வரிகளைக் கூர்மையாக்கும் சின்னக் கருவி ஒன்று விற்கிறார்கள், அதையும் விட்டுவிடுங்கள். வரியின் அகலத்துக்கும் ஓரக் கூர்மைக்கும் 2010இலிருந்து கடுமையான வரம்பு இருக்கிறது. சுரண்டிச் சுரண்டி அதைத் தாண்டினால் அந்த வெட்ஜ் போட்டிக்குச் செல்லாது. பழைய டூத்பிரஷ்ஷும் தண்ணீரும் போதும்.

புதுப்பை:
எல்லோருக்கும் நன்றி. பிட்சிங் வெட்ஜ் 45 என்று தயாரிப்பாளர் பக்கத்தில் போட்டிருக்கிறது. அப்படியானால் 50 ஒன்று எடுக்கிறேன். 3 வுட் தரையிலிருந்து எழும்புவதே இல்லை, அதற்கு என்ன செய்வது? கிரிப் எல்லாம் பளபளவென்று வழுக்குகிறது, அதை மாற்றுவது எப்படி?

மணல்குழி:
3 வுட்டை வீட்டில் வையுங்கள். 15 டிகிரி லாஃப்டும் நீள ஷாஃப்டும் சேர்ந்து, தரையிலிருந்து அடிக்க அதைவிடக் கஷ்டமான கிளப் பையில் வேறு கிடையாது. 18 டிகிரி 5 வுட், முடிந்தால் 21 டிகிரி 7 வுட். 5ஆம் இரும்பும் எழும்பவில்லை என்றால் 24, 25 டிகிரியில் ஒரு ஹைபிரிட் (வுட்டுக்கும் இரும்புக்கும் இடைப்பட்ட கிளப்). 14 கிளப் என்பது உச்சவரம்பு, அத்தனையும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. 1938இல் அமெரிக்காவில் அந்த வரம்பைக் கொண்டுவந்ததே சிலர் இருபதுக்கு மேல் சுமக்க வைத்ததால்தான். உங்களுக்குப் பத்து போதும்.

ஷாஃப்ட்_பட்டறை:
இத்தனை பேர் பேசி முடிந்ததும் கிரிப் வருகிறது பாருங்க. உங்க பணத்துல முதல் செலவு இதுவாத்தான் இருக்கணும். பளபளப்பு வந்துட்டா ரப்பர் செத்துடுச்சுன்னு அர்த்தம். வழுக்குறதால கை தன்னால இறுக்கிப் பிடிக்கும், முன்னங்கை விறைக்கும், முகப்பு திறந்தபடியே வரும். பந்து வலது பக்கம் போகும். அப்புறம் அதுக்கு ஒரு டிரைவர் வாங்குவாங்க.

மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் பாத்திரம் கழுவுற சோப்பும் வெதுவெதுன்னு தண்ணியும் போட்டு பிரஷ்ஷால தேய்ச்சுப் பாருங்க. வேர்வைப் பிசுக்கு மட்டும்னா ஒட்டுற தன்மை திரும்ப வரும். வரலைன்னா மாத்துங்க.

பழைய கிரிப்பை வளைஞ்ச ஹூக் பிளேடால உங்க உடம்புக்கு எதிர்ப்பக்கமா இழுத்துக் கிழிங்க. நேர் பிளேடு வேண்டவே வேண்டாம், கிராஃபைட் ஷாஃப்டுல கீறல் விழுந்தா பின்னால அந்த இடத்துலயே ஒடியும். பழைய டேப்பைச் சுரண்டி எடுங்க. 2 அங்குல அகல டபுள் சைடு டேப்பை ஷாஃப்ட் நீளவாக்குல, கிரிப்பை விட அரை அங்குலம் குறைவா ஒட்டுங்க. மேல் முனையில அரை அங்குலம் வெளியே விட்டு, அதை முறுக்கி ஷாஃப்ட் ஓட்டைக்குள்ள தள்ளிடுங்க. இல்லைன்னா திரவம் உள்ளே இறங்கும்.

திரவத்துக்குப் பெயிண்ட் கடை மினரல் டர்பன்டைன் போதும். பெட்ரோல் வேண்டாம், தீயும் ஆபத்து, ரப்பரும் கெடும். கிரிப் அடியில இருக்குற குட்டி ஓட்டையை ஒரு டீயால அடைச்சு, உள்ளே தாராளமா ஊத்திக் குலுக்கி, அதையே டேப் முழுக்க வழிய விடுங்க. இங்கதான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுவாங்க. காஞ்ச இடத்துல கிரிப் பாதியில மாட்டிக்கும், மேலயும் வராது கீழயும் போகாது. வாயைக் கிள்ளி ஷாஃப்டுல நுழைச்சு, நிறுத்தாம ஒரே தள்ளு. முனை தட்டினதும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள லோகோவை முகப்போட நேரா திருப்பி வையுங்க. ஒரு நாள் முழுக்கக் காயணும்.

வாங்குறப்ப ஷாஃப்டோட மேல் முனை விட்டம் 0.600 அங்குலமா 0.580ஆன்னு பார்த்து அதே அளவு கிரிப் எடுங்க. 0.600 ஷாஃப்டுல 0.580 போட்டா ரப்பர் விரிஞ்சு கொஞ்சம் தடிமனாகும். பிடிச்சுப் பார்க்கும்போது இடது கையோட நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கை மேட்டை லேசாத் தொடணும். அழுந்தினா கிரிப் மெலிசு, இடைவெளி இருந்தா தடிமன்.

மலைச்சாரல்:
நுவரெலியா பக்கம் ஆடுற ஆக்களுக்கு மழைதான் பிரச்சினை, சென்னையில வேர்வை. ரெண்டுக்கும் மருந்து ஒண்டுதான். ஆட்டுத்தோல் கையுறை ஈரம் பட்டா வழுக்கும், காய்ஞ்சா அப்பளம் மாதிரி விறைக்கும். அதை விலை கூடினதா ஒண்டு வாங்கிறதை விட, சாதாரணமா மூண்டு வாங்கி ஆறு ஹோலுக்கு ஒருக்கா மாத்துங்கோ. கழட்டினதைக் கசக்கிப் பொக்கெற்றுக்க வைக்காமல் பையில விரிச்சுத் தொங்க விடுங்கோ. அடைமழையில மழைக் கையுறை எண்டு துணியில வாறது இருக்கு, ரெண்டு கைக்கும் போடோணும். அது நனைய நனையத்தான் பிடிக்கும்.

புதுப்பை:
கடைசிச் சந்தேகம். திசை பார்க்கும் கம்பிகள் இரண்டு வாங்கச் சொல்கிறார்கள், அதுவும் வேண்டுமா?

ஷாஃப்ட்_பட்டறை:
அது வேணும், ஆனா கோல்ஃப் கடையில வேண்டாம். எலக்ட்ரிக் கடையில ஒயர் விடுற 20 மில்லி பிவிசி பைப் ஒரு நீளம் வாங்கி, 4 அடியா ரெண்டு துண்டு வெட்டச் சொல்லுங்க. ஒண்ணு பந்துக்கு வெளிப்பக்கம் இலக்கைப் பார்த்து, இன்னொண்ணு கால் விரல் நுனியில அதுக்கு இணையா. மீதித் துண்டை கேடிகிட்ட குடுத்துடாதீங்க, தரையில நட்டு வைச்சா புட்டிங் நூல் கட்ட உதவும்.